“நான் அடிக்கல டாக்டர், ஃபார்வர்ட்தான் பண்ணேன்”

வந்த லெட்டர் நாலு பக்கம். பேரு, ஊரு, ஆளைக் காட்டிக்குடுக்கற விஷயம் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கிப் போட்டிருக்கேன்.

“டாக்டரம்மா வணக்கம். எனக்கு 34 வயசு. வீட்டுக்காரர் டூவீலர் மெக்கானிக், நான் வீட்லயே தையல் மிஷின் போட்டிருக்கேன். பையன் நாலாவது, பொண்ணு யூகேஜி. மூணு மாசம் முன்னாடி எங்க அக்கா குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, பிள்ளை பிடிக்கிற கும்பல் நம்ம ஜில்லாவுல இறங்கிடுச்சு, கிட்னி எடுக்கறாங்கன்னு ஒரு பொம்பள அழுதுக்கிட்டே பேசற மாதிரி. நான் அதை எங்க தெரு குரூப்ல போட்டேன். கீழ நானா ஒரு வரி டைப் பண்ணேன், ‘நம்ம கோயில் பக்கம் சாக்கு மூட்டையோட ஒரு ஆள் ரெண்டு நாளா சுத்துறான், பாத்துக்கோங்க’ன்னு. அன்னிக்கே ஸ்கூல் விடற நேரத்துல அந்த ஆளைப் புடிச்சு யாரு என்னன்னு கேட்டிருக்காங்க, அவரு வாயே தொறக்கல. சாக்கைக் கொட்டிப் பாத்தா காலி பாட்டில், கந்தத் துணி, ஒரு பொம்மை. பொம்மையைப் பாத்ததும் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. என் கொழுந்தனும் அதுல இருந்தான். நான் பையனைக் கூட்டிட்டு வர்ற வழியில அப்படியே நின்னுட்டேன், அவனும் எல்லாத்தையும் பாத்தான். பூ விக்கிற அம்மா ஒருத்தங்க மட்டும் அந்த ஆள் மேல குப்புற விழுந்து விடுங்கடா விடுங்கடான்னு கத்துனாங்க, அவங்க முதுகுலயும் ரெண்டு அடி. அப்புறம் போலீஸ் வந்துச்சு. ஆள் பிழைச்சிட்டாரு, ஒரு கண்ணு போயிடுச்சாம். புத்தி சரியில்லாதவராம், ஒடிசாவாம், அவங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனாராம். கொழுந்தனோட சேத்து 11 பேர் மேல கேஸ், அவன் இப்ப ஜாமீன்ல இருக்கான். பூக்காரம்மா போலீஸ்ல சாட்சி சொன்னதால தெருவுல யாரும் அவங்ககிட்ட பூ வாங்கறதில்ல, நானும்தான். வீட்டுக்காரர் என் மெசேஜை டெலீட் பண்ண வெச்சிட்டாரு. மாமியார் ‘ஊரே அடிச்சுது, ஒருத்தன் கையா’ன்னு கேக்கறாங்க. என் பையன் பழைய அரிசி சாக்குல தங்கச்சி பொம்மையைப் போட்டு அவளைத் தூக்கச் சொல்லி, ‘யார்றா நீ, சொல்லுடா’ன்னு ஸ்கேலால அடிச்சு விளையாடறான். எனக்கு கை நடுங்குது, தூக்கமே இல்ல. நான் அடிக்கல டாக்டர், ஃபார்வர்ட்தான் பண்ணேன். நான் குத்தவாளியா? பையனை எப்படி சரி பண்றது?”

சகோதரி,

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். நாலு பக்கத்துல ‘நான் அடிக்கல’ன்னு ஆறு இடத்துல எழுதியிருக்கீங்க. நீங்க அடிச்சீங்கன்னு யாருமே சொல்லலையேம்மா, அப்ப யாருக்கு பதில் சொல்லிக்கிட்டு இருக்கீங்க? அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல பையன், ஏன்னா அவன் விஷயம் காத்திருக்காது.

அவன் கெட்டுப்போயிடல. ரவுடியா வந்துடுவானோன்னு கடைசிப் பக்கத்துல பயந்து எழுதியிருந்தீங்க, அப்படியெல்லாம் இல்ல. பெரியவங்களுக்கு ஒரு கொடுமையைப் பாத்தா அது கனவுல வரும், பேச்சுல வரும், குடிச்சா வரும். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு விளையாட்டுல வரும், அதுவும் மாறவே மாறாம அதே மாதிரி திரும்பத் திரும்ப. சாதாரண விளையாட்டுல கதை வளரும், இன்னிக்கு போலீஸ், நாளைக்கு டாக்டர்னு மாறும். இது மாறாது, சிரிப்பும் இருக்காது, அதை வெச்சுத்தான் நாங்க கண்டுபிடிப்போம். அந்த விளையாட்டுல அவன் ஏன் அடிக்கிறவனா இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு அந்தத் தெருவுல அவன் பாத்ததுல பயப்படாம நின்னது அடிச்சவங்க மட்டும்தான். அடி வாங்கினவர் பயந்தாரு, கையைப் புடிச்சிட்டு நின்ன அம்மா பயந்தா, அவனும் பயந்தான். அதனால பயமில்லாத பக்கமாப் பாத்துப் போய் நின்னுக்கிட்டான். அவ்ளோதான்.

ஆனா அவன் கேக்கற கேள்வியைக் கவனிச்சீங்களா. ‘யார்றா நீ, சொல்லுடா.’ அன்னிக்கு கூட்டம் கேட்ட அதே கேள்விதான், ஆனா மூணு மாசமா அவனுக்கு அதுக்கு விடை தெரியல. அந்த ஆள் யாரு, நெஜமாவே பிள்ளை பிடிக்கிறவரா, ஏன் பேசல, உசுரோட இருக்காரா, சித்தப்பா ஏன் அடிச்சாரு, போலீஸ் ஏன் சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போச்சு, இதுல ஒண்ணையாவது வீட்ல யாராவது உக்காந்து சொன்னீங்களா? லெட்டர்ல இருந்து பாத்தா இல்லைன்னுதான் தெரியுது. ‘அதையெல்லாம் மறந்துடு கண்ணா’ன்னு சொல்லியிருக்கீங்க. நீங்க எல்லாரும் சேந்து மறந்துடலாம்னு முடிவு பண்ணிட்டீங்க, அந்தத் தெருவுல ஒத்துக்காதது அவன் ஒருத்தன்தான்.

அதனால சொல்லுங்க. நேரா, சின்ன வார்த்தைல. ‘அவர் பிள்ளை பிடிக்கிறவர் இல்ல. அவருக்கு உடம்புல காய்ச்சல் வர்ற மாதிரி மூளைல ஒரு வியாதி, அதனால அவரால பதில் சொல்ல முடியல. அவர் இப்ப அவங்க அண்ணன்கிட்ட இருக்காரு. அடிச்சது தப்பு. சித்தப்பா பண்ணது தப்பு. அம்மாவும் ஒரு தப்பான மெசேஜ் அனுப்பிட்டேன், அங்க நின்னப்ப எனக்கும் பயமா இருந்துச்சு, கத்தாம நின்னுட்டேன்.’ கடைசி வரி நாக்குல வராதுன்னு தெரியும். ஆனா அதைச் சொன்னாத்தான் மத்ததை அவன் நம்புவான், ஏன்னா நீங்க நின்னதை அவன் பாத்துக்கிட்டுதான் இருந்தான்.

விளையாட்டைத் திட்டி நிறுத்தாதீங்க, ஆனா தங்கச்சி மேல ஸ்கேல் படக்கூடாது, அதுல விட்டுக்குடுக்காதீங்க. அவளுக்கு இது விளையாட்டு இல்ல, அடி. மூணு மாசம் ஆகியும் இது குறையலைன்னா வீட்டு வைத்தியம் போதாது. உங்க ஜில்லா அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கும், அங்க குழந்தைங்களைப் பாக்கறவங்ககிட்ட கூட்டிட்டுப் போங்க, முதல்ல போன்ல பேசணும்னா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல. டீச்சர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த அடிக்கிற வீடியோ பசங்க போன்ல சுத்துதுன்னு எழுதியிருந்தீங்களே, அதை ஒவ்வொரு தடவை பாக்கறப்பவும் அவனுக்கு அது புதுசாத்தான் நடக்கும்.

இப்ப அந்த ஆளைப் பத்தி. ஏன்னா உங்க லெட்டர் முழுக்க அவர் ‘அந்த ஆள்’ மட்டும்தான்.

நான் 26 வருஷம் அரசு ஆஸ்பத்திரில மனநல டாக்டரா இருந்தவ. இந்த மாதிரி ஆளுங்களை ஆம்புலன்ஸ்ல, ஆட்டோல, சில நேரம் குப்பை வண்டில கூட கொண்டு வந்து இறக்கிட்டுப் போவாங்க. ஒருத்தர் மணிக்கட்டுல நைலான் கயிறு இறங்கின தழும்போட வந்தாரு, எந்த ஊர்ல கட்டிப்போட்டு அடிச்சாங்கன்னு அவருக்கே தெரியல. சாக்குல பீடித்துண்டு, சோடா மூடி, கிழிஞ்ச காலண்டர். ஆறு வாரம் மாத்திரை போட்டப்புறம் ஒருநாள் காலைல நர்ஸ்கிட்ட ‘சிஸ்டர், இன்னிக்கு என்ன கிழமை, ஃபேக்டரிக்கு லீவு சொல்லணும்’னாரு. லேத் ஓட்டறவராம். வீட்டை விட்டு வந்து நாலு வருஷம் ஆகியிருந்துச்சு.

ஒரு கூட்டம் வெக்கிற டெஸ்ட்ல இவங்களால பாஸ் பண்ணவே முடியாது, அதான் கொடுமை. பேர் என்னன்னு கேட்டா காதுக்குள்ள வேற குரல் பேசிக்கிட்டு இருக்கும், எது வெளிய இருந்து வந்த கேள்வின்னே பிரிச்சுப் பாக்க முடியாது. பதில் வர லேட் ஆகும், இல்ல வரவே வராது, இல்லன்னா சம்பந்தமில்லாம சிரிப்பாங்க. கண்ணைப் பாத்துப் பேசமாட்டாங்க. கையைப் புடிச்சா திமிறுவாங்க, விட்டா ஓடுவாங்க. சாக்குல கண்டதையும் சேத்து வெச்சிருப்பாங்க. எங்களுக்கு இது ஒவ்வொண்ணும் வியாதியோட அறிகுறி, கூட்டத்துக்கு இது ஒவ்வொண்ணும் திருட்டு முழிக்கு சாட்சி. இதுல ஒடிசாக்காரர்ங்கறீங்க, நாக்கு ஒழுங்கா இருந்திருந்தாலும் யாருக்கு என்ன புரிஞ்சிருக்கும்? பொம்மை எதுக்கு வெச்சிருந்தாருன்னு கேக்கறீங்க. எனக்குத் தெரியாதும்மா. குப்பைல கிடந்ததை எடுத்து வெச்சிருக்கலாம். ஊர்ல ஒரு பிள்ளை இருக்கலாம்.

இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது, போலீஸ்காரங்க சிலருக்கே நான் சொல்லியிருக்கேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல 100வது பிரிவு. தன்னைத் தானே பாத்துக்க முடியாம சுத்திக்கிட்டிருக்கற மனநோயாளியைப் பாதுகாப்புல எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது அந்த ஸ்டேஷன் அதிகாரியோட கடமை. ரெண்டு நாளா சுத்துறாருன்னு பாத்தீங்கல்ல, அன்னிக்கு அந்த ஒரு வரியை தெரு குரூப்புக்கு பதிலா 112க்குச் சொல்லியிருந்தா அதே வரி அவரை ஆஸ்பத்திரில சேத்திருக்கும்.

இங்கதான் நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். குத்தவாளியான்னு.

சட்டப்படி என்னன்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். வதந்தி பரப்பறதுக்கு பாரதிய நியாய சன்ஹிதால, அதாவது பழைய ஐபிசிக்கு (இந்திய தண்டனைச் சட்டம்) பதிலா வந்த சட்டத்துல, 353வது பிரிவு இருக்கு. ஆனா உண்மைன்னு நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட எண்ணம் இல்லாம அனுப்பியிருந்தா அது குத்தமாகாதுன்னு அதுலயே விதிவிலக்கும் இருக்கு. உங்க விஷயத்துல அது பொருந்துமான்னு கோர்ட்டுதான் சொல்லணும், நானில்ல. நான் சொல்லக்கூடியது மனசு சம்பந்தமான கணக்கு மட்டும். அதுல உங்களை முழுசா விடுவிச்சு அனுப்பினா நாளைக்கே அந்தத் தூக்கமின்மை திரும்ப வரும், ஏன்னா உங்களுக்கே அது பொய்னு தெரியும்.

வாய்ஸ் மெசேஜை அனுப்பினதுல நீங்க லட்சத்துல ஒருத்தர். அது ஒரு பயம், வந்த வழியே தள்ளிவிட்டீங்க. ‘பொய்யா இருந்தா நமக்கென்ன நஷ்டம், உண்மையா இருந்தா ஒரு பிள்ளை பிழைக்குமே’ன்னு ஒரு கணக்கு எல்லார் தலைக்குள்ளயும் ஓடும். கேக்க நியாயமாத்தான் இருக்கு. நஷ்டம் நமக்கு இல்லைதான், வேற ஒருத்தருக்கு. அந்தக் கணக்குல அந்த வேற ஒருத்தருக்குன்னு ஒரு கட்டமே கிடையாது.

ஆனா கீழ டைப் பண்ணீங்களே ஒரு வரி, அது உங்களோடது. அதுவரைக்கும் பிள்ளை பிடிக்கிறவன் எங்கயோ இருந்தான், முகம் இல்ல, ஊர் இல்ல. நீங்கதான் அவனுக்கு ஒரு சாக்கு மூட்டை குடுத்து கோயில் பக்கம் நிறுத்தினீங்க. ‘பாத்துக்கோங்க’ன்னு போட்டப்ப பிள்ளைங்களைப் பாத்துக்கோங்கன்னு நினைச்சீங்க, படிச்சவங்க அவரைப் பாத்துக்கோங்கன்னு எடுத்துக்கிட்டாங்க. அது உங்க பங்கு, அதுக்கு மேல இல்ல. அவர் கண்ணைக் குத்தினது நீங்க இல்ல, அந்தப் பாரத்தையும் சேத்துத் தூக்காதீங்க, அது அந்தந்தக் கைக்கு உரியது.

இது புதுசும் இல்ல. 2018ல நாடு முழுக்க இதே வதந்திதான். பைக்குல வந்து ஒரு பிள்ளையைத் தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு வீடியோ சுத்துச்சே ஞாபகம் இருக்கா, அது கராச்சில எடுத்த விழிப்புணர்வு விளம்பரம். தூக்கிட்டுப் போனவங்களே பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டு ஜாக்கிரதைன்னு அட்டை காட்டுவாங்க. அந்தக் கடைசி பாகத்தை வெட்டிட்டு அனுப்பியிருக்காங்க. அந்த வருஷம் மே 9ம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர்ல, குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில நிறுத்தி பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்துச்சு. 65 வயசு அம்மாவை அடிச்சே கொன்னுட்டாங்க, கூட இருந்த நாலு பேருக்கும் பலத்த காயம். ஏறக்குறைய அதே நாள்ல பழவேற்காட்டுல மனநிலை சரியில்லாத ஒருத்தரை அடிச்சு பாலத்துல தொங்கவிட்டாங்க. ஜூலை 1ம் தேதி மகாராஷ்டிரா துலே மாவட்டத்துல ரெயின்பாடான்னு ஒரு ஊர், அன்னிக்கு வாரச்சந்தை, பிச்சை எடுத்துப் பிழைக்கற நாடோடி சமூகத்துக்காரங்க அஞ்சு பேரை பஞ்சாயத்து ஆபீசுக்குள்ள அடைச்சு வெச்சே கொன்னாங்க. திரிபுரால நடந்தது என்னால மறக்கவே முடியல. இது வதந்தி, நம்பாதீங்கன்னு மைக்ல சொல்லிக்கிட்டே ஊர் ஊராப் போறதுக்கு அரசாங்கம் அனுப்பின ஆளையே பிள்ளை பிடிக்கிறவன்னு அடிச்சுக் கொன்னாங்க.

அதுக்கப்புறம்தான் வாட்ஸப் ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு இந்தியாவுல கொண்டுவந்துச்சு. நல்லதுதான். ஆனா உங்க தெரு குரூப்ல எத்தனை பேர்? நூத்தி அறுபதுன்னு எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு ஃபார்வர்டு போதுமே.

மாமியார் கேட்டதுக்கும் பதில் சொல்லணும், ‘ஊரே அடிச்சுது, ஒருத்தன் கையா’. இதை நான் நிறைய தடவை கேட்டிருக்கேன், படிச்சவங்க வாயிலயும். ஆடித் திருவிழால தேர் இழுக்கறோம், ஆயிரம் கை வடத்துல இருக்கு, நான் ஒருத்தி தொடலைன்னா தேர் நகராம நிக்குமா? நிக்காது. இருந்தாலும் வீட்டுக்கு வந்து நான் இழுத்தேன்னு புண்ணியத்துல பங்கு கேக்கறோமில்ல. பாவத்துல மட்டும் ஆயிரத்தால வகுத்தா ஒண்ணுமில்லன்னு எப்படி ஆகும்? சட்டம் வகுக்கறதே இல்ல. அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ ஒரே நோக்கத்தோட கூடி ஒரு குத்தம் நடந்தா அந்தக் கூட்டத்துல சேந்த ஒவ்வொருத்தரும் அதைச் செஞ்ச மாதிரிதான், பழைய ஐபிசில 149வது பிரிவு, இப்ப நியாய சன்ஹிதால 190. சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னவங்களுக்கு அது அப்படியே பொருந்தாது, அந்த நோக்கத்துல பங்கு இருந்துச்சான்னு பாப்பாங்க. கொழுந்தன் ‘நான் ஒரு உதைதான் விட்டேன்’னு சொல்றதா எழுதியிருக்கீங்க, அது வக்கீலுக்கு வேணா உதவலாம், அவனுக்கு ராத்திரி உதவாது.

கும்பலுக்கு மூளை கிடையாது, வெறி புடிச்சா யார் எவர்னு தெரியாதுன்னு சொல்றாங்களே, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கும்பல் நல்லாவே ஆள் பாக்கும். யாருக்காக யாரும் கேக்க வரமாட்டாங்களோ அவங்களைத்தான் புடிக்கும், பாஷை தெரியாதவங்க, நாடோடி, பைத்தியம்னு ஊர் முத்திரை குத்தினவங்க, வழி கேக்க வந்த வெளியூர்க்காரங்க. உங்க வார்டு கவுன்சிலரோட மச்சான் அதே சாக்கோட அதே கோயில் பக்கம் ரெண்டு நாள் சுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? டீ வாங்கிக் குடுத்திருப்பாங்க.

நீங்க கத்தாம நின்னதைப் பத்தி. அது கோழைத்தனம்னு நீங்களே தீர்ப்பு எழுதிட்டீங்க. 1968ல அமெரிக்காவுல ஒரு சோதனை செஞ்சாங்க, ஒரு ரூமுக்குள்ள மெதுவா புகையை விட்டாங்க. தனியா உக்காந்திருந்தவங்கள்ல 75 சதவீதம் பேர் எந்திரிச்சுப் போய் சொன்னாங்க. மூணு மூணு பேரா உக்கார வெச்சப்ப 38 சதவீத குழுக்கள்லதான் யாராவது ஒருத்தராவது போய் சொன்னாங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டு, யாரும் பதறலையே, அப்ப ஒண்ணுமில்ல போலன்னு உக்காந்திருந்தாங்க. நீங்களும் சுத்தி இருந்த முகங்களைத்தான் பாத்திருப்பீங்க. ஆனா இதோட இன்னொரு பக்கமும் இருக்கு, 2019ல வெளிவந்த ஆய்வு, மூணு நாட்டு ஊர்கள்ல நடந்த 219 தெருச்சண்டையோட சிசிடிவி பதிவைப் பாத்திருக்காங்க, பத்துல ஒன்பதுல யாராவது ஒருத்தராவது குறுக்க போயிருக்காங்க. உங்க தெருவுலயும் ஒருத்தங்க போனாங்களே. வாட்ஸப்ல அந்த அம்மா இருந்தாங்களா? இருந்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன். அவங்க பாத்தது அடி வாங்கற ஒரு மனுஷனை, நீங்க எல்லாரும் பாத்தது அந்த வாய்ஸ் மெசேஜ்ல வந்தவனை.

இனிமே இப்படி ஒண்ணைப் பாத்தா, நடுவுல போய் விழணும்னு நான் சொல்லமாட்டேன், பிள்ளையோட நிக்கறப்ப அது முடியாது. பொதுவா ‘யாராவது போன் பண்ணுங்க’ன்னு கத்தாதீங்க, யாராவதுன்னா யாருமே இல்ல. ஒரு ஆளைக் காட்டி ‘நீல சட்டை அண்ணே, 112க்கு அடிங்க’ன்னு கேளுங்க, அடிக்கிறவன் தெரிஞ்ச முகமா இருந்தா பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கூட்டத்துக்குள்ள இருக்கறவனுக்கு தன் பேர் காதுல விழுந்தா ஒரு செகண்டு கை தாழும். உங்க கொழுந்தன் பேரை அன்னிக்கு நீங்க கூப்பிட்டிருந்தா... சரி, அதை விடுங்க. நடந்ததை வெச்சு உங்களை இதுக்கு மேல குத்த எனக்கும் இஷ்டமில்ல.

இப்ப செய்ய வேண்டியது. போனை மாத்தாதீங்க, ரீசெட் பண்ணாதீங்க, இதுக்கு மேல எதையும் அழிக்காதீங்க. அழிச்ச மெசேஜ் அந்த நூத்தி அறுபது போன்ல எத்தனையில இன்னும் இருக்கோ, அதனால மறைச்சுட்டோம்னு நிம்மதி வேண்டாம். வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சேதான், ஆனா கொழுந்தனோட வக்கீல்கிட்ட போகாம தனியா உங்களுக்குன்னு ஒரு வக்கீலைப் பாருங்க, ரெண்டு பேருக்கும் நல்லது ஒண்ணா இருக்கணும்னு இல்ல. காசில்லைன்னா மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவசமா வக்கீல் குடுப்பாங்க, போன் 15100. மெசேஜ் அனுப்பினது, அழிச்சது, பாத்தது எல்லாத்தையும் ஒளிக்காம அவங்ககிட்ட சொல்லிட்டு, போலீஸ்லயோ மாஜிஸ்திரேட் முன்னாடியோ வாக்குமூலம் குடுக்கறதைப் பத்தி அவங்க சொல்றபடி செய்யுங்க. ‘சாட்சி சொன்னா குடும்பம் உடைஞ்சிடும்’னு எழுதியிருக்கீங்க. உடையலாம். நான் உடையாதுன்னு பொய் சொல்லமாட்டேன். சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் திட்டம்னு ஒண்ணு 2018ல இருந்து சுப்ரீம் கோர்ட் ஒப்புதலோட இருக்கு, மிரட்டல் வந்தா அதையும் வக்கீல்கிட்ட கேளுங்க.

அந்த மனுஷருக்கும் ஏதாவது செய்யணும்னு எங்கயோ ஒரு ஓரத்துல எழுதியிருந்தீங்க, மன்னிப்பு கேட்டு அவங்க அண்ணனுக்குப் போன் பண்ணலாமான்னு. வேண்டாம். இப்ப வேண்டாம். கேஸ் நடக்கறப்ப நீங்க கூப்பிட்டா அவங்களுக்கு அது சமரசம் பேச வர்ற மாதிரிதான் இருக்கும், மன்னிச்சே ஆகணும்ங்கற பாரத்தையும் அவங்க தலைல ஏத்தின மாதிரி ஆகும். கண்ணு போனதுக்கு பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்துல பணம் கேக்கலாம், அதே சட்டப்பணிகள் ஆணைக்குழுதான் முடிவு பண்ணும். 2018 ஜூலை 17ம் தேதி சுப்ரீம் கோர்ட் கும்பல் கொலை சம்பந்தமா குடுத்த தீர்ப்புலயும் இழப்பீட்டுத் திட்டம், ஜில்லாவுக்கு ஒரு எஸ்பி அந்தஸ்துல பொறுப்பு அதிகாரி, ஆறு மாசத்துக்குள்ள விசாரணைன்னு நிறைய சொல்லியிருக்கு, காகிதத்துல நல்லாத்தான் இருக்கு. ஒடிசால இருக்கற குடும்பத்துக்கு இதெல்லாம் யார் சொல்லியிருப்பாங்க? உங்களுக்குக் கிடைக்கற வக்கீல்கிட்ட அந்த இழப்பீட்டு மனுவைப் பத்தி ஒரு கேள்வி கேளுங்க. அந்த அண்ணன் வரைக்கும் தகவல் போனாலே மன்னிப்பை விடப் பெரிசு.

உங்களைப் பத்தியும் கேக்கணும். கை நடுக்கம், தூக்கமின்மை, தையல்ல தப்பு வருது, சாப்பாடு இறங்கலைன்னு சொல்றீங்க. இது குத்த உணர்ச்சி மட்டும் இல்ல, நீங்களும் அந்த அடியை நேர்ல பாத்தவங்க. மெடிக்கல் ஷாப்ல தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீங்க. பையனைக் கூட்டிட்டுப் போற அன்னிக்கே உங்களுக்கும் ஒரு சீட்டு போடுங்க. செத்துடலாம்னு எப்பவாவது தோணுச்சுன்னா, லெட்டர்ல இல்ல, ஆனா நான் கேக்காம இருக்க முடியாது, அன்னிக்கே, ராத்திரி எந்நேரமா இருந்தாலும் 14416.

தெருவைப் பத்தி கொஞ்சம் சொல்லிட்டு முடிச்சிடறேன். அத்திமூர் சம்பவத்துக்கு அப்புறம் அந்த ஊர்ப்பக்கம் கைதுக்குப் பயந்து ஆம்பளைங்க ஊரை விட்டே போயிட்டாங்க, வீடு வீடா பூட்டு. அதே வருஷம் கேரளால அட்டப்பாடில சோத்துப் பொருள் திருடினாருன்னு ஒரு ஆதிவாசி இளைஞரைக் கட்டி அடிச்சப்ப பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்தாங்க. அந்தக் கேஸ்ல 2023ல தான் விசாரணை கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, 14 பேர் குத்தவாளின்னு. ஆனா நடுவுல சாட்சிகள் வரிசையா பிறழ்ந்து போனாங்க, பாத்ததையே பாக்கலைன்னாங்க. ஊருக்குள்ள இருந்துக்கிட்டு ஊருக்கு எதிரா பேசறது அவ்ளோ கஷ்டம். உங்க பூக்காரம்மா அதைச் செஞ்சிருக்காங்க, அதுக்கு ஊர் குடுத்த கூலி, பூ வாடுது.

போன மாசம் எங்க பஸ் ஸ்டாண்டுல ஒரு சின்னப் பொண்ணு அம்மாவைக் காணாம அழுதுக்கிட்டு நிக்குது. பக்கத்துல ஒரு பெரியவர். அவர் குழந்தை கையைப் புடிக்கல, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, பத்தடி தள்ளி நின்னு டைம் கீப்பரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. ஏன் சார் தூக்கலன்னு கேட்டேன். ‘தூக்கினா என்னை யாருன்னு நினைப்பாங்க மேடம்’னாரு. வழி தவறின பிள்ளையைத் தொடப் பயப்படற ஊராகிட்டோம், பிள்ளைங்களைக் காப்பாத்தறேன்னு சொல்லி.

தெருவை நீங்க ஒருத்தியா மாத்த முடியாது, அந்தக் குரூப்ல போய் பெரிய விளக்கமும் எழுத வேண்டாம், வக்கீல் சொல்ற வரைக்கும் அங்க எதுவுமே எழுதாதீங்க. ஆனா நாளைக்குக் காலைல பூக்காரம்மாகிட்ட போய் ரெண்டு முழம் வாங்கலாம். முதல் நாள் அவங்க உங்க முகத்தைப் பாக்காம பூவை அளந்து குடுக்கலாம், குடுக்காமலும் போகலாம், அது அவங்க இஷ்டம். பையனையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க முதுகு வலி எப்படி இருக்குன்னு அவன் கேக்கணும்னா கேக்கட்டும், அவனாக் கேட்டா மட்டும்.

அப்புறம் அந்த அரிசி சாக்கை ஒளிச்சு பரண்ல போட்டுட்டேன்னு எழுதியிருந்தீங்க. தூக்கிப் போட்டுடாதீங்கம்மா. பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப அதையும் பொம்மையையும் எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட குடுங்க. அதை நடுவுல வெச்சு அவனோட உக்காந்து விளையாடுவாங்க, அந்த விளையாட்டுல சாக்குக்காரர் பதில் சொல்றதுக்கு அவனே ஒரு நாள் இடம் குடுப்பான்.